பொள்ளாச்சியிலிருந்து சாலக்குடிக்கு வால்பாறை வழியாகச் சுற்றிப் போனேன், குரங்கைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை

சாலைப்பித்தன் | வியாழன், இரவு 9:40

போன வாரம் இரிஞ்ஞாலக்குடாவில் ஒரு கல்யாண வரவேற்பு. உடுமலையிலிருந்து பாலக்காடு, திருச்சூர் வழியாகப் போனால் பிரச்சினையே இல்லை, மதியத்துக்குள் சேர்ந்துவிடலாம். எனக்குத்தான் சும்மா இருக்க முடியாதே. "வால்பாறை ஏறி, மளுக்கப்பாறை, வாழச்சால் வழியாக இறங்கினால் வழியெல்லாம் காடு. யானை பார்க்கலாம், இருவாச்சிப் பறவை பார்க்கலாம்" என்று வீட்டில் ஆசை காட்டிவிட்டேன். அம்மா, மனைவி, நான்காவது படிக்கும் மகள், நான்.

பூஜை, டிபன், பட்டுப்புடவை எல்லாம் முடிந்து கிளம்பும்போது மணி ஒன்பதரை. ஆழியாறு தாண்டி மலை ஏறும்போது உச்சி வெயில். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் நாற்பது பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கைகளுக்கு நடுவே ஒரு வரையாட்டின் முதுகு தெரிந்தது. அவ்வளவுதான். அதற்குக் கொஞ்சம் மேலே சாதாரணக் குரங்கு ஒன்று மகள் கையிலிருந்த சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு போனது. பாவம் என்று அம்மா அதற்கு இரண்டு வாழைப்பழமும் கொடுத்தார். வால்பாறைக்கு அப்பால் அத்தனை பெரிய காட்டில் ஒரு காக்காய்கூட இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குக் களைத்துப்போய் மண்டபம் சேர்ந்தோம். பாயசம் தீர்ந்துவிட்டது.

நான் எங்கே தப்பு செய்தேன்? இன்னொரு உதவி. மகள் நோட்டில் மூன்று கேள்வி எழுதி வைத்திருக்கிறாள். ஒன்று, அட்டகட்டிக்குப் பக்கத்தில் மரத்தில் பார்த்த கறுப்புக் குரங்கு சிங்கவால் குரங்கா? இரண்டு, டீக்கடைக்குப் பின்னால் ஓடையில் யாரோ பையன் சீட்டியடிப்பதுபோல ஒரு பறவை பாடியது, அது என்ன? மூன்றாவது ஒரு பெரிய பருந்து, அதைப் பிறகு எழுதுகிறேன்.


டீசல்மணி | வியாழன், இரவு 10:05

நான் பதினெட்டு வருடமாக இந்த ரோட்டில் வாடகை வண்டி ஓட்டுகிறேன். ஒன்பதரைக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்கு வெளியே வரும் மிருகம்தான் கிடைக்கும். அது திருப்பூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கார் ஏறி வரும்.

சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன். விடிந்து இரண்டு மணி நேரம், பொழுது சாய்வதற்கு முன் இரண்டு மணி நேரம். நடுவில் எல்லா உயிரும் நிழலில் ஒதுங்கிவிடும். காலையில் ஆழியாறு சோதனைச் சாவடி திறந்ததும் முதல் நாலைந்து வண்டிக்குள் உங்கள் வண்டி இருக்கவேண்டும். நான் கூட்டிப் போகிறவர்களை ஐந்து மணிக்கே எழுப்பிவிடுவேன், திட்டுவார்கள். மேலே போனதும் வாயை மூடிக்கொள்வார்கள்.


கூழைக்கடா | வியாழன், இரவு 11:20

முதல் கேள்விக்கு என்னிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. வால் எப்படி இருந்தது? நீளமாக, மெலிந்து, கயிறு மாதிரி தொங்கியதா? தலை மட்டும் பழுப்பாக, உடம்பெல்லாம் பளபளவென்று கறுப்பாக இருந்ததா? அப்படியானால் அது கருமந்தி. கருங்குரங்கு என்றும் சொல்வார்கள். சிங்கவால் குரங்குக்கு முகத்தைச் சுற்றி வெளிறிய சாம்பல் நிறப் பிடரி இருக்கும், வால் குட்டையாக, நுனியில் ஒரு குஞ்சத்தோடு இருக்கும். பிடரியைப் பார்த்துத்தான் சிங்கம் என்று பெயர் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அந்த வால் குஞ்சம்தான் காரணம்.

சீட்டி விஷயத்தில் சந்தேகமே இல்லை. சீகாரப் பூங்குருவி. வெள்ளைக்காரர்கள் அதற்குச் சீட்டியடிக்கும் பள்ளிக்கூடப் பையன் என்றே பெயர் வைத்திருந்தார்கள். உங்கள் மகள் எந்தப் புத்தகமும் பார்க்காமல் அதையே எழுதியிருக்கிறாள், அவளுக்கு என் வணக்கம். தூரத்தில் வெறும் கறுப்பாகத் தெரியும். வெயில் பட்டால் நெற்றியிலும் தோளிலும் நீலம் மின்னும். ஓடை, பாலத்தடி, ஈரப்பாறை, இதை விட்டு எங்கேயும் போகாது. டீக்கடைக்குப் பின்னால் ஓடை என்றீர்களே, அங்கே பத்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்திருந்தால் பாறையில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் சாம்பல் வாலாட்டியும் கிடைத்திருக்கும். இமயமலைக்கும் அதற்கு அப்பாலும் இருந்து குளிர்காலத்துக்கு வலசை வருவது. இரண்டு விரல் கனம் இருக்காது.


சாலைப்பித்தன் | வெள்ளி, காலை 7:15

வால் நீளம்தான். கருமந்தியே. மகளுக்கு ஏமாற்றம். அம்மா பக்கத்திலிருந்து "கருங்குரங்கு லேகியம் விற்பார்களே, அந்தக் குரங்கா?" என்கிறார்.


கூழைக்கடா | வெள்ளி, காலை 8:02

அதே குரங்குதான். லேகியத்துக்கும் தோலுக்கும் சுட்டே ஒரு காலத்தில் ஏறக்குறையத் தீர்த்துவிட்டார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் மூச்சு விட்டது. இன்று ரோட்டோர மரத்தில் உட்கார்ந்து இலை தின்கிறது என்றால் அதுவே பெரிய காட்சி. ஏமாற்றம் அடைய வேண்டியதில்லை என்று மகளிடம் சொல்லுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது.


ரொட்டிக்கடைப் பொண்ணு | வெள்ளி, மதியம் 1:30

அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த வாழைப்பழத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

நான் வால்பாறை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அம்மா இருவரும் கொழுந்து பறித்தவர்கள். இப்போது கோவையில் வேலை. எங்கள் சின்ன வயதில் புதுத்தோட்டம் எஸ்டேட் பக்கம் சிங்கவால் குரங்கு மரத்துக்கு மேலேதான் இருக்கும். அது இயல்பிலேயே தரைக்கு வராத ஜாதி. ஆனால் புதுத்தோட்டத்தில் அதற்கு மிச்சமிருக்கும் சோலை, தேயிலைக்கு நடுவே ஒரு தீவு மாதிரி. காடு துண்டுபட்டுப் போனது, நடுவில் ரோடு. அது கீழே இறங்க ஆரம்பித்தது. ரோட்டைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டுச் சாகவும் ஆரம்பித்தது. அதற்காகத்தான் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்கு பாலம் கட்டியிருக்கிறார்கள். ஆட்களை நிறுத்தி வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்கிறார்கள். அதே இடத்தில் கார் கண்ணாடியை இறக்கி ஒருவர் பிஸ்கட் நீட்டினால் மேலே பாலத்தில் போகவேண்டியது கீழே இறங்கி வரும். பின்னால் வருகிற லாரிக்கு அது தெரியாது.

நீங்கள் கொடுத்தது நாட்டுக் குரங்குக்குத்தான், தெரியும். பழக்கம் ஒன்றுதானே.


டீசல்மணி | வெள்ளி, மதியம் 2:10

பாப்பா சொல்வது சரி. ஆனால் பாட்டி கொடுத்த இரண்டு பழத்துக்கு இவ்வளவு பெரிய பிரசங்கமா? வண்டி வண்டியாகக் குப்பை போட்டுப் போகிறவனை யார் கேட்கிறார்கள்?


ரொட்டிக்கடைப் பொண்ணு | வெள்ளி, மதியம் 2:25

அவர்களையும்தான் கேட்கிறேன் மாமா. அவர்கள் இங்கே வந்து எழுதுவதில்லை.


சாலைப்பித்தன் | வெள்ளி, மாலை 6:50

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "குரங்குக்குக் கொடுத்தால் புண்ணியம் என்றுதான் எங்கள் ஆத்தா சொல்லிக் கொடுத்தாள்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "லாரியை ஆத்தா யோசித்திருக்க மாட்டாள்" என்றார்.

சரி, மார்ச்சில் மறுபடி சாலக்குடி போகவேண்டியிருக்கிறது, சீர் வரிசை விஷயம். இந்தத் தடவை வால்பாறையில் ஒரு ராத்திரி தங்கிப் போகலாம் என்று எண்ணம். எங்கே நிறுத்துவது, எங்கே நிறுத்தக்கூடாது?


கூழைக்கடா | வெள்ளி, இரவு 10:40

நிறுத்துவதுதான் வித்தை. ஓடுகிற வண்டியிலிருந்து பறவை பார்ப்பது வேறு பிழைப்பு. என் வழக்கத்தைச் சொல்கிறேன்.

முதலில் ஆழியாறு. அணைக்கட்டுத் தண்ணீரோரம் அரை மணி நேரம். நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும், மீன்கொத்திகள் நிச்சயம். யோகமிருந்தால் நீர்நாய்க் குடும்பம். அப்புறம் ஒன்பதாவது வளைவு, லோம்ஸ் வியூ. ஏழு மணிக்குள் போனால் நீங்களும் வரையாடும் மட்டும்தான். வரை என்றால் மலை, பெயரிலேயே விலாசம் இருக்கிறது. சங்கப் பாட்டில் வருடை என்று வருவது இதுதான். தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்பாள் உங்கள் மகள். அது மொத்தமே எத்தனை இருக்கிறது என்று கேளுங்கள். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031. அடுத்த வருடம் 1,303. ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் பந்திக்கு உட்காரும் கூட்டம்தான் மாநிலம் முழுக்க. அங்கே அது கிட்டே வரும், பயப்படாது. அதனாலேயே நாம் தள்ளி நிற்கவேண்டும். கொம்பைப் பிடித்துப் படம் எடுத்தவர்கள் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

மேலே போகும் வழியில் கண்ணாடியை இறக்கிவிடுங்கள், பாட்டை அணைத்துவிடுங்கள். "குட்ரூ குட்ரூ" என்று நாளெல்லாம் ஒரே பல்லவி பாடினால் அது குக்குறுவான். ஒரே மரத்தில் அடுத்தடுத்து நாலு பறவைகளின் குரல் வந்தால் நாலு பறவை என்று எண்ணிவிடாதீர்கள். துடுப்புவால் கரிச்சான் என்று ஒரு மிமிக்ரிக்காரன் இருக்கிறான். பறக்கும்போது அவன் வாலுக்குப் பின்னால் இரண்டு வண்டு துரத்துவதுபோலத் தெரியும், வால் நுனிதான் அது. காலையில் ரோட்டின் ஓரத்தில் பச்சையாக ஏதாவது நடந்தால் பிரேக் போடுங்கள். மரகதப் புறா. கல் பொறுக்க இறங்கும், தாழ்வாக அம்பு மாதிரி பறக்கும், நிறைய அடிபட்டும் சாகும்.

இருவாச்சிக்கு நான் வாழச்சாலைத்தான் சொல்வேன். நாலு வகை இருவாச்சியும் இருக்கும் காடு அது. கூடுகளைக் காப்பவர்கள் அங்கே வாழும் காடர் பழங்குடியினர்தான். மார்ச் என்றால் கூட்டுக் காலம். பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு, ஒரு கீற்று மட்டும் விட்டு, மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். ஆண் பழம் கொண்டுவந்து ஊட்டும். அந்த ஆண் செத்தால் உள்ளே இருப்பவை எல்லாம் பட்டினி.


வேகமுனி | சனி, காலை 9:10

வாழச்சால் பக்கம் ஒரு கூடு எனக்குத் தெரியும். ரோட்டிலிருந்தே தெரியும். இடம் இதோ:

[மட்டுறுத்துநர்: கூட்டின் இடத்தைக் குறிக்கும் வரிகள் நீக்கப்பட்டன.]


வேகமுனி | சனி, காலை 9:48

ஏன் நீக்கினீர்கள்? அறிவைப் பகிர்வது தப்பா? இவர் மகளுக்குத்தானே சொன்னேன்.


கூழைக்கடா | சனி, காலை 10:30

மகளுக்குச் சொன்னால் மகள் மட்டுமா படிக்கிறாள்? ஒரு கூட்டின் கீழே பதினைந்து கேமராக்காரர்கள் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பழத்தோடு வந்த ஆண் எதிர் மரத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தது. வாயில் பழம், கிட்டே வரப் பயம். நானும் அந்தப் பதினைந்தில் ஒருவன்தான். அதற்குப் பிறகு கூட்டுப் பக்கம் போவதில்லை. இன்னொன்று, செயலியில் குரலை ஓடவிட்டுப் பறவையை வரவழைக்கும் வேலையும் வேண்டாம். மெர்லின் மாதிரி செயலியை வைத்துக் கேட்டு அடையாளம் காணலாம், அது வேறு.


சாலக்குடி சேட்டன் | சனி, மதியம் 12:15

தமிழில் எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும், படித்தது பாலக்காட்டில். மளுக்கப்பாறையிலும் வாழச்சாலிலும் சோதனைச் சாவடி உண்டு. உள்ளே நுழைந்த நேரத்தைச் சீட்டில் குறித்துத் தருவார்கள், அந்தப் பக்கம் அதைப் பார்ப்பார்கள். நடுக்காட்டில் இறங்கி நிற்க அனுமதி இல்லை. இருட்டிவிட்டால் விடமாட்டார்கள். அதனால் நடுவில் நிற்கப் பார்க்காமல் வாழச்சால் வந்து ஆற்றோரம் இறங்குங்கள். அங்கே பெரிய மரங்கள் நிறைய. பெரிய இருவாச்சி எங்கள் மாநிலப் பறவை, காட்டித் தராமல் அனுப்ப மாட்டோம்.

சிங்கவால் குரங்கு பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. இந்தக் குரங்கை வைத்துத்தான் எங்கள் ஊரில் சைலன்ட்வேலி அணையைத் தடுத்தார்கள். 1984-இல் அது தேசியப் பூங்கா ஆனது. ஒரு குரங்குக்காக மின்சாரத்தை விடுவதா என்று அப்போதும் கேட்டார்கள்.


ரொட்டிக்கடைப் பொண்ணு | சனி, இரவு 8:00

தங்கப் போகிறீர்கள் என்றதால் இதைச் சொல்கிறேன். வால்பாறையில் சாயங்காலத்துக்கு மேல் ரோட்டோரம் சிவப்பு விளக்கு மின்னினால் யானை பக்கத்தில் நிற்கிறது என்று அர்த்தம். செல்போனில் அழைத்து ஏற்றி அணைக்கும் விளக்குகள் அவை. யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஊர்க்காரர்கள் போனுக்குக் குறுஞ்செய்தியும் வரும். இந்த ஏற்பாட்டுக்காக ஆனந்தகுமார் என்கிற ஆய்வாளருக்கு 2015-இல் வனவிலங்குப் பாதுகாப்புக்கான விட்லி விருது கொடுத்தார்கள். எங்கள் அப்பாவுக்கு அந்த விருதெல்லாம் தெரியாது. ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் விளக்கைத்தான் பார்ப்பார், எரிந்தால் டீக்கடையிலேயே இருந்துவிடுவார்.

இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? விளக்கு எரிந்தால் சில கார்கள் அந்தப் பக்கமே திரும்புகின்றன, யானை பார்க்க. உங்களுக்கு அது காட்சி அண்ணா, எங்களுக்கு வேலை முடிந்து லைன் வீட்டுக்குப் போகிற வழி. நீங்கள் ஒளி அடித்து, ஹாரன் அடித்து விரட்டிய யானை அடுத்து எங்கள் வாசலில் வந்து நிற்கும்.


டீசல்மணி | சனி, இரவு 8:35

இதில் பாப்பா பக்கம்தான் நான். யானை ரோட்டில் நின்றால் நூறு அடிக்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள். ஹாரன் கூடாது, இறங்கக் கூடாது, முகப்பு விளக்கைத் தாழ்த்திவிடுங்கள். முன்னால் வந்தால் பின்வாங்க இடம் வேண்டும், அதனால் முன் வண்டியின் பின்புறத்தில் ஒட்டி நிற்காதீர்கள். காதை விசிறிக்கொண்டு தின்றால் அது தன் வேலையைப் பார்க்கிறது. காதை அகல விரித்து அசையாமல் உங்களைப் பார்த்தால் நீங்கள் உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

இ-பாஸ், சாவடி நேரம் எல்லாம் அடிக்கடி மாறுகிறது. கிளம்புவதற்கு முந்தின நாள் கேட்டுக்கொள்ளுங்கள். ஜூனில் போகிறவர்கள் அட்டைக்கடிக்கு உப்பும் மூக்குப்பொடியும் எடுத்துக்கொள்ளவும். சின்னக்கல்லாறு மழையைப் பார்க்காதவர்களுக்கு மழை என்றால் என்னவென்று தெரியாது.


சாலைப்பித்தன் | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9:05

போய் வந்தோம். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன், ஆறு மணிக்கு ஆழியாறு சாவடியில் மூன்றாவது வண்டி.

ஒன்பதாவது வளைவில் யாரும் இல்லை. எஞ்சினை அணைத்தேன். சுவர்மேல் ஒரு பெரிய கிடா நின்றது, முதுகில் வெளுத்த சேணம் மாதிரி. கீழே ஆழியாறு தண்ணீர் பனிக்குள் பாதி தெரிந்தது. கிடா எங்களைப் பார்த்துவிட்டு, செங்குத்துப் பாறையில் மாடிப்படி இறங்குவதுபோல இறங்கிப் போனது. மகள் மூச்சே விடவில்லை. அவள் அப்படிச் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

புதுத்தோட்டத்தில் காவலுக்கு நின்றவர் கையைக் காட்டி நிறுத்தினார். தலைக்கு மேலே அந்தத் தொங்கு பாலம். ஐந்து சிங்கவால் குரங்குகள் வரிசையாகக் கடந்தன, ஒன்றின் வயிற்றில் குட்டி. ஆறாவது மட்டும் பாலத்தை மதிக்காமல் தரையிலேயே நடந்து, எங்கள் பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. அம்மா கைப்பையைத் திறக்கவேயில்லை. "வாழைப்பழம் இருக்கிறதா?" என்று நான் வேண்டுமென்றே கேட்டேன். முறைத்தார்.

அன்று சாயங்காலம் ரொட்டிக்கடை என்கிற ஊரைத் தாண்டும் இடத்தில் சிவப்பு விளக்கு மின்னியது. தங்கை, நீங்கள் எழுதியது ஞாபகம் வந்தது. திரும்பி வந்து டீக்கடையில் உட்கார்ந்துவிட்டோம். முக்கால் மணி நேரம், மூன்று டீ, நாலு வாழைக்காய் பஜ்ஜி. தேயிலைச் சரிவில் பதினோரு காட்டுமாடுகள் எண்ணினோம், யானை வரவேயில்லை. தூரத்தில் கிளை முறியும் சத்தம் மட்டும். கடைக்காரர் அதைக் கேட்டே "குட்டியோடு இருக்கிறது" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன், "தெரியும்" என்றார்.

மறுநாள் மளுக்கப்பாறை சாவடியில் சீட்டு வாங்கிக்கொண்டு எங்கேயும் நிற்காமல் வாழச்சால். ஆற்றோரம் பாயை விரித்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். அம்மா திடீரென்று, "இந்தக் காட்டுக்குள் யார் முறத்தில் புடைக்கிறார்கள்?" என்றார். அண்ணாந்து பார்த்தால் மரங்களுக்கு மேலே, மஞ்சள் அலகும் கறுப்பு வெள்ளை இறக்கையுமாக, ஆற்றைக் கடந்து போகிறது ஒரு பெரிய இருவாச்சி. புடைக்கிற சத்தம் அதன் இறக்கை! அது எந்த மரத்துக்குப் போனது என்று நாங்கள் தேடவில்லை.


சாலக்குடி சேட்டன் | ஞாயிறு, இரவு 9:30

முறம்! எங்கள் பக்கம் எல்லோரும் ரயில் எஞ்சின் என்பார்கள். அம்மாவுடையதுதான் சரி. அடுத்த முறை நேரம் இருந்தால் தட்டேக்காடு வரை இறங்குங்கள். பறவையியலாளர் சாலிம் அலி ஆசைப்பட்டுக் கேட்டு 1983-இல் சரணாலயம் ஆன இடம். பகலில் காய்ந்த இலைமாதிரி உட்கார்ந்திருக்கும் தவளைவாயன் பறவை அங்கே உண்டு.


கூழைக்கடா | ஞாயிறு, இரவு 10:15

படித்துச் சந்தோஷம். மூன்றாவது கேள்வி பாக்கி இருக்கிறதே, அந்தப் பருந்து?


சாலைப்பித்தன் | திங்கள், காலை 7:00

ஆமாம், மறந்தே போனேன். இந்தத் தடவையும் அதே மாதிரி ஒன்று. கவர்க்கல் பக்கம், மரங்களின் தலையைத் தடவுவதுபோல மிக மெதுவாகச் சுற்றியது. உடம்பெல்லாம் கறுப்பு, கால் மட்டும் மஞ்சள். இறக்கை நுனியில் விரல் விரலாகப் பிரிந்திருந்தது. கத்தவில்லை. நோட்டில் "கரும்பருந்து" என்று அவளே பெயர் வைத்திருக்கிறாள்.


கூழைக்கடா | திங்கள், காலை 7:40

பருந்து இல்லை, கருங்கழுகு. மெதுவாகச் சுற்றுவதற்குக் காரணம் உண்டு. மரத்துக்கு மரம் கூடுகளைப் பார்த்துக்கொண்டே போகும், முட்டையும் குஞ்சும் அதற்கு முக்கியமான சாப்பாடு. பாம்புக் கழுகாக இருந்தால் இறக்கையின் அடியில் வெள்ளைப் பட்டை தெரிந்திருக்கும், ஊரைக் கூட்டிக் கத்தியும் இருக்கும்.


சாலைப்பித்தன் | திங்கள், மாலை 5:20

சொன்னேன். "பருந்து" என்பதை மட்டும் அடித்துவிட்டுக் "கழுகு" என்று எழுதினாள். "கரு" சரிதானே, நானே கண்டுபிடித்தது என்கிறாள்.